வடிவுக்கு வாங்க வேண்டிய மிஷின்

ஒரே ஒரு ஊராம், அந்த ஊரில் ஒரே ஒரு கடையாம், அந்தக் கடையில் ஒரே ஒரு வாஷிங் மிஷினாம். கதைன்னா இப்படி ஆரம்பிக்கணும் தம்பி. ஆரம்பிச்ச வேகத்திலேயே முடிஞ்சும் போயிரும். மிஷினை வாங்கினான், வீட்டுக்குக் கொண்டுபோனான், பெண்டாட்டி துணியை உள்ளே போட்டாள், அவ்வளவுதான். என் கதையிலும் ஊர் ஒண்ணுதான், இந்தத் திருநெல்வேலி. கடை பதினொண்ணு. மிஷின் இருநூத்துப் பதினாலு. அதனால்தான் பங்குனியில் ஆரம்பிச்சது தை பிறந்தும் முடியாமல் கிடக்கு.

நீங்க டெலிவரிக்குத்தானே உட்கார்ந்திருக்கீங்க? டோக்கன் எத்தனை? அறுபத்தொண்ணா. இப்போதான் நாற்பத்தி நாலு கூப்பிட்டாங்க. அப்போ நேரம் இருக்கு. என்ன வாங்கினீங்க, மிக்ஸியா. எத்தனை கடை பார்த்தீங்க? இந்த ஒரு கடைதானா. சரி. தப்புன்னு சொல்லலை. சரின்னுதான் சொன்னேன்.

நான் டோக்கன் வாங்கலை. சும்மா உட்கார்ந்திருக்கேன்.

என் பேர் ஆவுடையப்பன். முப்பத்து மூணு வருஷம் அரசாங்க ஆபீஸில் ஸ்டோர் செக்‌ஷன். குண்டூசியில் இருந்து ஜெனரேட்டர் வரைக்கும் என் கையெழுத்து இல்லாமல் உள்ளே வந்தது கிடையாது. அங்கே ஒரு முறை உண்டு. எதை வாங்கினாலும் மூணு கொட்டேஷன். ஒரே சாமான், ஒரே அளவு, ஒரே தரம், மூணு கடை விலை. மூணையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதினால் அதுக்குக் கம்பேரட்டிவ்னு பேர். கம்பேரட்டிவ் இல்லாமல் ஃபைல் மேஜை தாண்டாது. என் ஃபைலில் ஆடிட்காரங்க ஒரு கேள்வி எழுதினது இல்லை. ஓய்வு பெற்ற அன்னைக்குச் சால்வையைப் போர்த்திட்டு எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. வடிவு முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தாள்.

வடிவுங்கிறது என் வீட்டுக்காரி. முழுப் பேர் சண்முகவடிவு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான், அவள், மாடியில் கொடி, கீழே துவைக்கிற கல்.

பங்குனியில் அவளுக்கு வலது தோள் பிடிச்சது. கையைக் காதுக்கு மேலே தூக்க முடியலை. டாக்டர் அழுத்திப் பார்த்துட்டு, "இந்தக் கையால இனிமே துணி அடிச்சுத் துவைக்கக் கூடாது, பிழியவே கூடாது. மீறினா கை அப்படியே இறுகிப் போயிரும்"னு சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஆட்டோவில் வரும்போதே சொல்லிட்டேன், "வடிவு, மிஷின் வாங்கிருவோம்." அவள் சிரிச்சாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் எதையும் வேணும்னு கேட்டது கிடையாது. அதனால் வாங்குறதை ஒழுங்கா வாங்கணும்னு எனக்கு அன்னைக்கே மனசில் விழுந்துட்டது.

முதல் வேலை, தேவை என்னன்னு எழுத்தில் இருக்கணும். எங்க ஆபீஸில் அதுதான் முறை. வடிவுகிட்ட ஒரு பேப்பரைக் கொடுத்து, உனக்கு என்னென்ன தேவையோ எழுதுன்னேன். அவள் இடது கையால் எழுதித் தந்தாள். "துணி துவைக்கணும்." அவ்வளவுதான் இருந்தது. இதை வச்சுக்கிட்டு எந்தக் கடைக்குப் போக முடியும், நீங்களே சொல்லுங்க.

சரின்னு நானே இறங்கினேன். மிஷினைக் கிலோ கணக்கில் சொல்றாங்க தம்பி. ஆறு கிலோ, ஆறரை, ஏழு, ஏழரை, எட்டு, ஒன்பது. எங்க வீட்டுத் துணி எத்தனை கிலோ? எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. பழைய பேப்பர் வாங்க வர்றவர்கிட்ட ஒரு கொக்கித் தராசு வாங்கி, ஒரு மாசம் தினமும் நிறுத்தேன். நான் கண்ணாடியைப் போட்டு முள்ளைப் பார்க்கணும், ஒரு கையில் நோட்டுப் புத்தகம், அதனால் தராசை அவள் தூக்கிப் பிடிப்பாள். இடது கையால் தூக்கினால் ஆடும், முள் நிற்காது. வலது கையையும் சேர்த்துக் கொடுத்துப் பிடிப்பாள். "பாத்தாச்சா?" ம்பாள். "இரு டீ, முள்ளு இப்பத்தான் நிக்கி" ம்பேன். காய்ஞ்ச துணி ஒரு தடவை, நனைச்ச துணி ஒரு தடவை.

அந்த மாசம் துணியை அவள்தான் துவைச்சாள். துவைக்கிறதுக்கு ஆள் வைக்கலையான்னு எதிர்த்த வீட்டு டீச்சர் கேட்டாங்க. பத்து நாளில் மிஷின் வரப்போகுது, அதுக்குள்ள ஆள் எதுக்குன்னேன். அப்போ அது பத்து நாள் வேலைன்னுதான் நினைச்சேன். உண்மையாகவே நினைச்சேன்.

கணக்கை எடுத்துக்கிட்டு முதல் கடைக்குப் போனேன். "நீங்க சொல்ற ஏழு கிலோ, காய்ஞ்ச துணியா நனைஞ்ச துணியா?"ன்னு கேட்டேன். நாலு பேர் கூடிப் பேசினாங்க. ஒருத்தர் காய்ஞ்சதுன்னார், ஒருத்தர் நனைஞ்சதுன்னார், ஒருத்தர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இந்தக் கடை மாடியில் ஏறிப் பார்த்திருக்கீங்களா? ஒரு கம்பெனிக்கு ஒரு ஆள் நிற்கிறாங்க, ஒரு கலர் சட்டை. நீலச் சட்டைக்காரர்கிட்ட பேசிக்கிட்டு இருக்கும்போது சிவப்புச் சட்டைக்காரர் தூரத்தில் இருந்து நம்ம கண்ணைப் பிடிச்சு மெதுவாத் தலையை ஆட்டுவார், அதை வாங்காதீங்கங்கிற மாதிரி. அவர்கிட்டப் போனால் பச்சைச் சட்டை தலையை ஆட்டும். மேலே மூடி உள்ளது நல்லதா, முன்னால் கதவு உள்ளதா? மேலே மூடின்னா துணியைக் கையைத் தூக்கிப் போடணும், அவளுக்குத் தோள். முன்னால் கதவுன்னா குனியணும், எனக்கு முழங்கால். பாதி ஆட்டோமேட்டிக் மிஷின் வாங்கினால் துணியை இந்தத் தொட்டியில் இருந்து அந்தத் தொட்டிக்கு மாத்தணும். முழு ஆட்டோமேட்டிக் வாங்கினால் தண்ணி வேகமா வரணும். எங்க தெருவில் ஆற்றுத் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள், நடுவில் போர் தண்ணி, அது உப்பு. உப்புத் தண்ணிக்குச் சூடு பண்ற வகை ஆகும்ங்கிறார் ஒருத்தர், ஆகவே ஆகாதுங்கிறார் இன்னொருத்தர். பன்னிரண்டு வகைத் துவைப்பு, பதினாறு வகை, இருபத்தி நாலு வகை. கம்பளிக்கு ஒரு பட்டன், விளையாட்டுச் சட்டைக்கு ஒரு பட்டன், குழந்தைத் துணிக்கு ஒரு பட்டன். திருநெல்வேலியில் யார் தம்பி கம்பளி போடுறா? ஆனால் பட்டன் இருக்கே. இருந்தால் எழுதணும். எல்லாத்தையும் எழுதினேன்.

அம்பதா? இன்னும் பதினொண்ணு இருக்கு உங்களுக்கு.

இதுவரைக்கும் கூடப் பரவாயில்லை. நான் மாட்டிக்கிட்டது வேற இடத்தில். மூணு கொட்டேஷன்னா ஒரே சாமானுக்கு மூணு கடை விலை. இங்கே ஒரு கடையில் இருக்கிற மாடல் அடுத்த கடையில் கிடையாது. மாடல் பேர் ரயில் டிக்கெட் நம்பர் மாதிரி நீளமா இருக்கும். இந்தக் கடையில் கடைசி எழுத்து எஸ். அடுத்த கடையில் அதே மூடி, அதே தொட்டி, அதே பட்டன், கடைசி எழுத்து ஜி. "ரெண்டும் ஒண்ணுதானே?"ன்னு கேட்டேன். "ஒண்ணுதான் சார். ஆனா வேற"ன்னார். இதை ஒரு கம்பேரட்டிவில் எந்தக் கட்டத்தில் எழுதுறது? மூணு கடையிலும் ஒரே மாடல் கிடைக்கிற வரைக்கும் நான் தேடினேன். வைகாசியில் ஒண்ணு ரெண்டு கடை வரைக்கும் வந்தது. மூணாவது கடையில் விசாரிக்கிறதுக்குள்ள முதல் கடைக்காரர், "அந்த மாடல் நின்னு போச்சு சார், புதுசு வந்திருக்கு"ன்னுட்டார். புதுசில் பட்டன் இருபத்தெட்டு.

வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வடிவுகிட்ட எல்லாத்தையும் வாசிப்பேன். அவளுக்குத் தெரியாமல் நான் எதையும் முடிவு பண்ணினது இல்லை, அதைக் குறிச்சுக்கோங்க. ஒவ்வொரு நாளும் வாசிச்சேன். ஆரம்பத்தில், "நீங்க சொன்னதுல மூணாவதை வாங்கிருவமே"ம்பாள். அதில் இன்னும் ரெண்டு கட்டம் காலியா இருக்கேம்பேன். ஒருநாள் இட்லி மாவைக் கலக்கிக்கிட்டே கேட்டாள், "நம்ம கல்யாணத்துக்கு எத்தனை கொட்டேஷன் வாங்குனீங்க?"

"அதை எங்க அப்பால்லா பாத்தாங்க"ன்னேன்.

"நல்லவேளை"ன்னாள்.

சிரிச்சோம் ரெண்டு பேரும். நான் கொஞ்சம் கூடுதலா சிரிச்சேன்னு நினைக்கிறேன்.

ஆடியில் தள்ளுபடின்னு போட்டு மாடல் அறுபது எழுபது கூடிப்போச்சு. கோவில்பட்டியில் அவள் அக்கா வீடு. அக்கா புருஷன் ஆதிமூலம், எனக்குச் சகலப்பாடி. அவர் அந்த ஆடியில்தான் மிஷின் வாங்கினார். எப்படித் தேர்ந்தெடுத்தீங்கன்னு போன் போட்டுக் கேட்டேன். "சகலை, நல்ல வெயிலு. ஒரு கடையில ஏசி ஓடிச்சு, உள்ள போயி உக்காந்தேன். கலரு சோடா குடுத்தான். குடிச்சிட்டு எந்திரிக்க ஒரு மாதிரியா இருந்திச்சு, பக்கத்தில நின்ன மிஷினைக் காட்டி அதைப் போடுன்னுட்டேன்"னார். ஸ்டார் எத்தனைன்னு கேட்டேன். "வானத்துலயா?"ன்னார். இப்படியும் மனுஷங்க வாங்குறாங்க. நான் வடிவுகிட்ட இதைச் சொல்லிச் சிரிச்சேன். அவள் அன்னைக்குச் சிரிக்கலை, தோள் வலின்னு படுத்திருந்தாள்.

ஐப்பசியில் மழை பிடிச்சது. துணி காயலை. பிழிய வேண்டாம்னு டாக்டர் சொன்னதுதான், ஆனால் பிழியாமல் போட்டால் மூணு நாளானாலும் காயாது, வீடெல்லாம் ஈர வாடை. ஒருநாள் காலையில் போர்வையோட ஒரு முனையை என்கிட்டக் கொடுத்துப் பிடிச்சுக்கிடுங்கன்னாள். எனக்குப் போன் வந்தது. ஒரு கடையில் இருந்து, நான் தேடின மாடல் வந்திருக்குன்னு. முனையை ஜன்னல் கம்பியில் மாட்டிட்டுப் பேசப் போனேன். ஒரு நிமிஷம்தான். திரும்பி வர்றதுக்குள்ள அவள் தனியா முறுக்கியிருக்காள். கல்லில் உட்கார்ந்திருந்தாள். கை தொங்கிக்கிட்டு இருந்தது. என்ன வடிவுன்னேன். "ஒண்ணுமில்ல"ன்னாள். "மாடல் கிடைச்சிருச்சு"ன்னேன். "சரி"ன்னாள்.

அது எஸ் இல்லை, ஜி.

அதுக்கப்புறம் அவளுக்குத் தலை சீவ முடியலை. எதிர்த்த வீட்டு டீச்சர் பள்ளிக்கூடம் போகும்முன்னால் வந்து பின்னிவிட்டுப் போவாங்க. ஒருநாள் டீச்சர் என்கிட்ட, "அண்ணாச்சி, ஏதாவது ஒண்ணை வாங்குங்க. எந்த மிஷினும் துணியைத் துவைக்கத்தான் செய்யும்"னாங்க. படிச்சவங்களே இப்படிப் பேசுறாங்க. தீபாவளி ஆஃபர் முடியட்டும் டீச்சர், விலை எல்லாம் ஒரு நிலைக்கு வரும்னேன். ஆஃபர் முடிஞ்சது. கொட்டேஷனுக்கு எல்லாம் காலக்கெடு இருக்கு, முப்பது நாள். மூணாவதை வாங்கும்போது முதலாவது காலாவதி. திரும்ப முதல் கடைக்குப் போகணும். போனேன். எந்தக் கடையிலும் நான் உட்கார்ந்ததே இல்லை தம்பி, இன்னைக்குத்தான். கால் வீங்கும். அதையும் சொல்லிக்கிட்டது இல்லை.

கார்த்திகையில் வடிவு கோவில்பட்டி போனாள். முதலில் ரெண்டு நாள்னு போனாள். ஒரு பை நிறையத் துணி, என்னுதும் அவளுதும். அக்கா வீட்டு மிஷினில் போட்டு எடுத்துட்டு வந்தாள். அடுத்த வாரம் நாலு நாள். அதுக்கடுத்த வாரம் என் துணியைத் தனியா எடுத்துவச்சுட்டு அவள் துணியை மட்டும் கட்டினாள். பஸ்ஸில் பாரம் தூக்க முடியாதே, நானும் சரின்னேன். அப்புறம் வரலை. சண்டை எல்லாம் ஒண்ணும் கிடையாது. எங்களுக்குள்ள சண்டையே வந்தது இல்லை. தினமும் சாயங்காலம் போன் பண்ணுவேன், அன்னைக்கு எழுதினதை வாசிப்பேன். அவள் "ம்" போடுவாள்.

அவள் அங்கே இருக்கிறதும் ஒரு விதத்தில் நல்லதுன்னு எனக்குத் தோணுச்சு. ஓடுற மிஷினைக் கிட்ட இருந்து பார்க்கலாம். எத்தனை நிமிஷம் எடுக்குது, சத்தம் எப்படி, அதைக் கேட்டுச் சொல்லுன்னேன். அவள் சொன்னாள், "தெரியல. துணியைப் போடுதேன். தூங்கிருதேன்."

சத்தம் குறைவுன்னு எழுதிக்கிட்டேன்.

என் துணியை இப்போ நானே துவைச்சுக்கிடுறேன். ரெண்டு வேட்டி, ரெண்டு சட்டை, துண்டு. பெரிய வேலை இல்லை, கால் மணி நேரம். நனைச்சு, சோப்புப் போட்டு, ரெண்டு அலசு. பிழியுறது கூட அப்படி ஒண்ணும் சிரமமாத் தெரியலை. தராசில் தூக்கிப் பார்த்தேன், ஒன்றரைக் கிலோ.

அம்பத்தேழு. பக்கத்தில் வந்துட்டீங்க.

பொங்கல் கழிஞ்சு ஒரு அதிசயம் நடந்தது. மூணு கடையிலும் ஒரே மாடல். கடைசி எழுத்து வரைக்கும் ஒண்ணு. நான் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தேன், எழுத்தெழுத்தா விரல் வச்சுப் பார்த்தேன். பத்து மாசத்தில் முதல் தடவையா ஒரு முழுக் கம்பேரட்டிவ். நல்ல வெள்ளைப் பேப்பரில் கோடு போட்டு எழுதினேன். விலை குறைவில் இந்தக் கடைதான் முதலில் வந்தது. போன் பண்ணி, "வடிவு, முடிஞ்சிருச்சு. நீ வந்து ஒரு பார்வை பாத்துட்டேன்னா பில் போட்டுரலாம். அப்படியே வீட்டுக்குப் போயிரலாம்"னேன். எப்போ வரணும்னு மட்டும் கேட்டாள்.

இன்னைக்குக் காலையில் பஸ்ஸில் வந்தாள். தனியாத்தான். முடியைக் கழுத்தோட வெட்டியிருந்தாள். எனக்கு ஒரு நிமிஷம் யாரோன்னு இருந்தது. "அக்காவுக்குத் தெனமும் பின்னிவிட நேரமில்ல"ன்னாள். வலது கையைச் சேலைக்குள்ள வச்சிருந்தாள். தோளில் ஒரு சின்னப் பை. துணிப் பை பெரிசா இருக்கும், நான் தூக்கிக்கிடலாம்னு நினைச்சிருந்தேன்.

மாடிக்குப் போனோம். மிஷினைக் காட்டினேன். மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாள், சும்மா தொட்டிதான், வேற ஒண்ணும் இல்லை. நான் பக்கத்தில் நின்னு கட்டம் கட்டமா வாசிச்சேன். இருபத்தொண்ணு கட்டம். அங்கே இசக்கிமுத்துன்னு ஒரு விற்பனைக்காரர், முப்பது வயசு இருக்கும், மரியாதையான மனுஷன், முழுக்கக் கேட்டார். கேட்டுட்டு, "எல்லாம் சரி சார். வீட்டுல எத்தனை பேரு?"ன்னார்.

என்கிட்ட இதுவரைக்கும் எந்தக் கடையிலும் யாரும் இதைக் கேட்கலை. கேட்க நான் விட்டது இல்லை, போனதும் பட்டியலை நீட்டிருவேன். ரெண்டு பேர்னு சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஒருத்தரு"ன்னாள் வடிவு.

இசக்கிமுத்து என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஒருத்தருன்னு போட்டுக்கோங்க தம்பி. இவங்க மட்டுந்தான்."

அவர் சட்டுன்னு, "அப்ப இது எதுக்கு சார், இவ்வளவு பெரிசு. ஒரு ஆளுக்கு இந்தா இருக்கு பாருங்க, சின்னது"ன்னு மூலையில் ஒண்ணைக் காட்டினார். அரை நிமிஷம் ஆகலை தம்பி அவருக்கு. எத்தனை பேர்னு ஒரு கட்டம் நான் போடவே இல்லை. பத்து மாசம், இருபத்தொண்ணு கட்டம், அது மட்டும் விட்டுப்போச்சு.

நான் பேப்பரைப் பார்த்தேன். எனக்குத் தோணினதைச் சொன்னேன். "வடிவு, ஒரு ஆளுன்னா அளவே மாறிரும். அந்தச் சின்னதுக்குத் தனியா மூணு கொட்டேஷன் எடுக்கணும். திரும்ப முதல்ல இருந்து எடுக்கணும்."

"எடுங்க"ன்னாள். "இனி அவசரம் ஒண்ணும் இல்லைலா."

கோபமாச் சொல்லலை. மருந்துச் சீட்டை வாசிக்கிற மாதிரித்தான் சொன்னாள். மிஷின் மூடியை இடது கையால் மெதுவா இறக்கி மூடினாள். இசக்கிமுத்துகிட்ட, கோவில்பட்டி பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டாள். அடிக்கடி இருக்கும்மான்னார். அவருக்கு வேற ஆள் வந்துட்டாங்க, அந்தப் பக்கம் போயிட்டார். நான் பேப்பரை மடிக்கணுமா, அப்படியே பிடிச்சுக்கிடணுமான்னு நின்னேன். பிறகு அவளுக்குப் பின்னால் படி இறங்கினேன். முழங்கால், ஒவ்வொரு படியாத்தான் இறங்க முடியும். அவள் நிற்கலை, வேகமாவும் போகலை. நான் இந்த பெஞ்சு வரைக்கும் வர்றதுக்குள்ள செக்யூரிட்டி அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். வெளியே ஓர் ஆட்டோக்காரர் கேட்டார், வேண்டாம்னு தலையை ஆட்டினாள். பையை இடது தோளுக்கு ஏத்திக்கிட்டு, பஸ் ஸ்டாண்டு இருக்கிற பக்கமாத் திரும்பி, கூட்டத்துக்கு ஓரமா நடந்து போனாள்.